கச்சான் காலத்தில் குறையும் எண்ணுக்கு ஓட்டத்தைக் கூட்டவேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

வைகாசியில் கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலையில் ஓடுபவர்கள் பலருக்கும் ஒரே கவலைதான்: இதயத் துடிப்பை அளக்கும் கை மணிக்கூட்டில் 'விஓ2 மக்ஸ்' என்ற உடற்தகுதி எண் இறங்கிக்கொண்டே போகிறது. இறங்கியதை ஏற்றவென்று வெயிலில் இன்னும் வேகமாக ஓடுகிறார்கள். அது வீண், ஆபத்தும்கூட.

ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்தில் எத்தனை மில்லிலீற்றர் ஒட்சிசனை உச்சமாகப் பயன்படுத்த முடியும் என்பதே அந்த எண். முறையாக அளப்பதென்றால் ஆய்வுகூடத்தில் முகமூடி அணிந்து ஓடவேண்டும். மணிக்கூடு வேகத்தையும் இதயத் துடிப்பையும் பொருத்திப் பார்த்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். வெக்கையில் உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குப் போகிறது. வியர்வையால் இரத்தத்தின் நீரும் குறைகிறது. ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தம் குறைவதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. இதை உடற்தகுதிக் குறைவென்று மணிக்கூடு எடுத்துக்கொள்கிறது. வெப்பநிலைக்கேற்பத் திருத்தும் மாதிரிகள் உண்டு. ஆனால் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையில் கால் புதையும் மணலுக்குச் செலவாகும் சக்தி, கெட்டித் தரையில் ஓடுவதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல்; அதனாலும் எண் இறங்கும். மணல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காத தெரிவு உங்கள் மணிக்கூட்டில் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது உச்சத் துடிப்பு. பல மணிக்கூடுகள் 220இலிருந்து வயதைக் கழித்து வைத்திருக்கும். ஆளுக்காள் 10, 15 துடிப்பு வித்தியாசம் சாதாரணம். 40 வயதுக்காரருக்கு 180 என்று பதிந்திருக்க, உண்மையில் 195 ஆக இருந்தால், 150 துடிப்பில் ஓடுவதை உச்சத்தின் 83 வீதம் என்று காட்டும். சரியான கணக்கு 77 வீதம். முயற்சியின் அளவைக் காட்டும் துடிப்பு வலயமே மாறிவிடும்! 15 நிமிடம் உடலைச் சூடாக்கி, ஏற்றமான வீதியில் மும்முறை 3 நிமிடம் முழு முயற்சியுடன் ஓடி, கடைசி முறையில் வரும் மிகக்கூடிய எண்ணைப் பதியுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது.

மெதுவாக ஓடும்போதே துடிப்பு 170இல் நின்றால் பட்டியைப் பாருங்கள். தளர்ந்த பட்டியில், மணிக்கூட்டின் அடியில் துடிப்பை அளக்கும் பச்சை ஒளி உணரி காலடி எண்ணிக்கையைத் துடிப்பென்று பிடித்துவிடும். துடிப்பும் காலடியும் வரைபில் ஒரே கோடாக ஓடுவது அதன் அடையாளம். மணிக்கட்டு எலும்புக்கு இரு விரல் மேலே இறுக்கிக் கட்டுங்கள். நெஞ்சில் கட்டித் துடிப்பை அளக்கும் நெஞ்சுப்பட்டி இன்னும் நம்பகமானது. அதன் உணரிகளை நனைத்தே அணியவேண்டும்.

முன்னேற்றம் அறிய, உட்துறைமுக வீதி போன்ற சமதரையில் காலை 6 மணிக்கு முன், துடிப்பை 140 அளவில் வைத்து 5 கிலோமீற்றர் ஓடி, நேரத்தைக் குறியுங்கள். அதே வீதி, அதே வேளை, அதே மாத ஓட்டங்களையே ஒப்பிடுங்கள்.

தலைசுற்றோ குளிர்நடுக்கமோ தடுமாற்றமோ வந்தால், மணிக்கூடு என்ன காட்டினாலும் ஓட்டத்தை நிறுத்தி, நிழலுக்குப் போய் உடம்பில் தண்ணீர் ஊற்றவேண்டும்.

ஓட்டப் பயிற்சியாளர்,
உப்புவெளி, திருகோணமலை.