ராசிபலனுக்குக் கீழே கொஞ்சம் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் எல்-டைரோசின் கேப்சூல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மனச்சோர்வு, மறதி, படபடப்பு எல்லாவற்றுக்கும் அதுவே கைகண்ட மருந்தாம். போகட்டும். காலையில் இரண்டு போட்டால் கவலை கடல் தாண்டிப் போய்விடும் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதுதான் தொண்டையில் முள்ளாய் நிற்கிறது. பாம்பனில் கடல் தாண்டிப் போவது படகும் ஆளும்தான். பிள்ளை இலங்கைச் சிறையில் இருக்க, வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் தாய்க்கு எத்தனை கேப்சூல் கொடுக்கலாம் என்பதையும் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம்.

நேற்றுக் கண்டுபிடித்த அதிசயம் போல வேறு எழுதியிருக்கிறார். 1846-லேயே பாலாடைக்கட்டியிலிருந்து பிரித்தெடுத்த அமினோ அமிலம் அது. நாங்கள் தின்கிற நெத்திலிக் கருவாட்டிலும் இருக்கிறது. மூளையில் செய்தி கடத்தும் டோபமின், நார்அட்ரினலின் எல்லாம் அதிலிருந்துதான் உடம்பில் உருவாகின்றன, சரி. அதற்காக விழுங்கியதும் மனசு தெளிந்துவிடுமா? கடுங்குளிரிலும் தூக்கமில்லாமலும் இருந்தவர்களின் கவனத்துக்குக் கொஞ்சம் கைகொடுத்திருக்கிறது. மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1990-ல் வெளிவந்த ஆய்விலோ, வெற்று மாத்திரையைவிட ஒன்றும் மேலாகத் தெரியவில்லை. பார்மசி படிக்கும் என் அண்ணன் மகள் எடுத்துக் காட்டினாள். உங்களுக்குத் தெரியாததா?

என் மருமகள் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் கிடக்க, வட்டிக்காரர் வாசலுக்கு வந்துபோன நேரம், யாரோ சொன்னார்கள் என்று மகன் இந்த டப்பாவை வாங்கிவந்தான். வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தைராய்டு ஹார்மோனுக்கும் மூலப்பொருள் இதே டைரோசின்தான். நெஞ்சு படபடத்து ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் முதலில் நிறுத்தச் சொன்னது இதைத்தான். செல்போன் வெளிச்சத்தில் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், விலை ஸ்டிக்கர் பாதி மறைத்தபடி, ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து. சட்டப்படி பளிச்சென்று தெரியவேண்டிய வரி.

எங்கள் பக்கத்து மனநோய் உங்களுக்கு எப்போது ஞாபகம் வருகிறது? 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநோயாளர் காப்பகத்தில், சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் கருகியபோது எல்லாப் பத்திரிகையும் வந்தது. அப்புறம்? படகு பிடிபட்டால் அழுகிற பெண்களின் படம் முதல் பக்கத்தில். விடுதலையாகி வந்தவன் தூக்கமில்லாமல் புரள்வது எந்தப் பக்கத்திலும் இல்லை. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதைக்கூடப் போன வருடம் தப்பாகப் போட்டீர்கள். திருத்தச் சொல்லி நான் எழுதிய கடிதம் என்ன ஆயிற்றோ. பாம்பன் பாலத்துக்கு மட்டும் வருடம் தவறாமல் கலர் பக்கம்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இது மருந்தல்ல, வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம் என்று அதே இணைப்பில் இரண்டு வரி போடுங்கள். கூடவே, மனநல உதவிக்கான அரசின் இலவச எண் 14416. கேப்சூல் விளம்பரம் அரைப்பக்கம் வந்தது. இதற்கு ராசிபலனுக்குக் கீழே இருக்கிற இடம் போதும்.

இப்படிக்கு,
கருவாட்டு வியாபாரம் செய்யும் வாசகி,
பாம்பன்.