வரவும் அகல்வும்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். பேரனின் பள்ளிக்கூடத்துக்காக நீ ஆங்கிலத்தில் எழுதிய குடும்பக் கதையை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். ஒரு சொல்லை மட்டும் நீ திருத்த வேண்டும். 'இலங்கையிலிருந்து இமிக்ரேட்' என்று எழுதியிருக்கிறாய். அங்கே 'எமிக்ரேட்' என்றுதான் வர வேண்டும்.

ஒலியில் மயிரிழை வித்தியாசம்; பொருளோ நேரெதிர். இரண்டுக்கும் அடி, இடம்பெயர்வதைக் குறிக்கும் ஒரே லத்தீன் சொல். 'உள்ளே' என்னும் 'இன்' அதன் முன் ஒட்டி 'இம்' ஆகும்போது, வந்து குடியேறுவது. 'வெளியே' என்னும் 'எக்ஸ்' ஒட்டித் தேய்ந்து 'எ' ஆகும்போது, நீங்கிப் போவது. முதலாவதில் இரண்டு 'எம்' எழுத்தும் மற்றதில் ஒன்றும் இருப்பது இதனால்தான். பேரனுக்கு விளக்க இம்போர்ட், எக்ஸ்போர்ட் போதும். புறக்கோட்டைக் கடைப் பலகைகளில் நீ சிறு வயதில் எழுத்துக்கூட்டி வாசித்த சொற்கள்.

போன மாதம் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கப் பத்தரமுல்லைக்குப் போயிருந்தேன். காத்திருந்த நேரமெல்லாம் திணைக்களத்தின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிங்களத்தில் ஆகமன, விகமன. தமிழில் குடிவரவு, குடியகல்வு. நம் மொழியில் குழப்பத்துக்கு இடமே இல்லை. 'அகல்வு' என்ற சொல்லை அங்கே வைத்தவர், பிள்ளையை வழியனுப்பிய ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஒரே பயணத்துக்கு இரண்டு சொல்லும் பொருந்தும், மகளே. எந்தக் கரையில் நின்று சொல்கிறோம் என்பதுதான் கணக்கு. ரொறன்ரோவில் உன்னை வரவேற்றவர்களுக்கு நீ குடிவந்தவள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் நின்ற எங்களுக்கு அப்படி இல்லை. வாசலில் காவலரிடம் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு நீ ஒருமுறை திரும்பினாய். தோளிலிருந்து நழுவிய பையை இழுத்துவிட்டுக்கொண்டே கையசைத்தாய். அம்மா பதிலுக்குக் கையசைப்பதற்குள் கண்ணாடிக் கதவு மூடிவிட்டது.

கனடாவுக்கு வந்து சேர்ந்ததைச் சொல்லும் வரியில் 'இமிக்ரேட்' அப்படியே இருக்கட்டும். இலங்கையை விட்டதைச் சொல்லும் முதல் வரியை மாற்று. அந்த வரியில் நாங்களும் நிற்கிறோம். திருத்திய பிரதியைப் பேரனின் கையெழுத்தில் அனுப்பச் சொல். அம்மா அதை அலுமாரிக் கண்ணாடியில் ஒட்ட இப்போதே இடம் பார்த்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா