வர்ஜீனியாவின் சம்மதத்தைக் கொடுத்தது யார்? கல்விக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எங்கள் கவுண்டியின் கல்விக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. பதில் இல்லை. மேற்கு வர்ஜீனியாவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம்மவர்களும் அறியட்டும் என்று தமிழிலும் எழுதுகிறேன்.

என் மகள் எட்டாம் வகுப்பு. மாநில வரலாற்றுத் தேர்வில் ஒரு கேள்வி: வர்ஜீனியாவிலிருந்து நம் மேற்கு வர்ஜீனியா பிரியச் சம்மதம் தந்தது யார்? "வீலிங்கில் கூடிய சட்டமன்றம், ரிச்மண்டில் இருந்தது தரவில்லை" என்று எழுதியிருந்தாள். ரிச்மண்ட் வர்ஜீனியாவின் தலைநகர்; வீலிங் இன்று நம் மாநிலத்தில் இருக்கும் ஊர். சுழியம். "வர்ஜீனியா சட்டமன்றம்" என்பது மட்டும்தான் விடையாம். அன்றிரவு குறிப்பேட்டில் ரிச்மண்ட் என்று இருந்த வரிகளையெல்லாம் ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் தாளே கிழிந்துவிட்டது. "அடுத்த பரீட்சையில குழம்பிடக் கூடாதுப்பா" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

நீங்கள் அறியாததல்ல. ஒரு மாநிலத்துக்குள்ளிருந்து இன்னொன்றைப் பிரிக்க அதன் சட்டமன்றமும் காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றமும் சம்மதிக்க வேண்டும் என்கிறது நாட்டின் அரசியல் சட்டம். 1861 ஏப்ரலில், உள்நாட்டுப் போர் தொடங்கிய நேரத்தில், ரிச்மண்டில் கூடிய மாநாடு அமெரிக்க ஒன்றியத்தைவிட்டு விலக முடிவெடுத்தது. ஜூனில், அதை ஏற்காமல் வீலிங்கில் கூடியவர்கள் பியர்பாண்ட் என்பவரை ஆளுநராக்கி, நாங்களே வர்ஜீனியா என்றார்கள். வாஷிங்டன் அவர்களை ஏற்றது. 1862 மே 13 அன்று சம்மதம் தந்தவர்களும் அவர்களே. பாகம் கேட்டவரே பாகம் கொடுப்பவராகவும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார் என்ற வாதம் அன்றே எழுந்தது.

புது மாநிலத்துக்கான மசோதாவில் கையெழுத்திடுமுன் அதிபர் லிங்கன் அமைச்சரவையில் கருத்துக் கேட்டார். ஆதரவு மூவர், எதிர்ப்பு மூவர். எதிர்த்தவர்களில் ஒருவர் அட்டர்னி ஜெனரல் பேட்ஸ். அவர் எழுப்பிய சந்தேகத்தை எழுதிய பிள்ளைக்குச் சுழியம் போடுவது நியாயமா?

நம் மாநிலம் செல்லாது என்று நான் சொல்லவில்லை. ஒன்றியத்தையே உதறிய ரிச்மண்ட், அந்த ஒன்றியத்தின் சட்டம் தரும் உரிமையை மட்டும் எப்படிக் கேட்கும்? 1862 டிசம்பர் 31 அன்று லிங்கன் கையெழுத்திட்டது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அது எளிதாக வந்த முடிவல்ல. தனி மாநிலம் வேண்டுமா என்று 1861 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 18,408, எதிர்ப்பு 781. போர் நடந்துகொண்டிருந்த நிலத்தில் எத்தனையோ பேர் வாக்களிக்க வரவே இல்லை. பெர்க்லி, ஜெஃபர்சன் கவுண்டிகளைத் திரும்பக் கேட்டு வர்ஜீனியா தொடுத்த வழக்கை 1871இல் உச்ச நீதிமன்றம் நமக்குச் சாதகமாகவே தீர்த்தது. ஆனால் வீலிங் சட்டமன்றம்தான் வர்ஜீனியாவின் சட்டமன்றமா என்று நேராக விசாரிக்காமல், அப்படியே எடுத்துக்கொண்டது. இவ்வளவையும் ஒற்றை வரியில் அடைத்துவிட்டு, அதற்கு வெளியே எழுதினால் தவறு என்கிறீர்கள்.

எல்லாப் பாடமும் இப்படித்தான் ஆகிவருகிறது. கணக்கில் வழி சரியாக இருந்தும் மதிப்பெண் போகிறது. கட்டுரையில் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். ஜூன் 20 அன்று விடுமுறை விட்டு மாநிலத்தின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறோம். அது பிறந்த கதையைக் கேட்டால் மட்டும் ஒரே விடையா?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது அந்தத் தேர்வின் விடைக்குறிப்பைத் திருத்துவதைத்தான். வீலிங் என்று எழுதியதும் சரி என்று ஏற்றுக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த ஆறு அமைச்சர்களின் கருத்துகளையும் வகுப்பில் படிக்கக் கொடுங்கள். அடுத்த தேர்வு மே மாதம். அதற்குள் ஒரு பதில் அனுப்பினால், குறிப்பேட்டில் அழித்ததைத் திரும்ப எழுதிக்கொள்ளச் சொல்வேன்.

பணிவுடன்,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை