கொறங்காட்டுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்

காங்கயம்,
மார்கழி மாதம்.

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே குளிருக்குப் பத்திரமாக இருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "சும்மா கிடக்கிற நிலம்தானே அம்மா, சோலாருக்குக் குத்தகை விட்டால் என்ன?" என்று கேட்டாய். அப்பா பக்கத்தில் இருந்தார், தம்பி வேறு லைனில் காத்திருந்தான். அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன ஒப்பந்த நகலையும் ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறேன்.

நம் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைக் குத்தகைக்கு விட நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. ஏன் என்று உனக்கு முழுதாகத் தெரிய வேண்டும். நாளைக்கு அந்த நிலத்தில் உனக்கும் பங்கு உண்டு.

நான் சோலாருக்கு எதிரி என்று நீ நினைத்துவிடக் கூடாது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் நான். நம் வீட்டு மாடியில் 3 கிலோவாட் போட்டபோது அப்பா தயங்கினார், நான்தான் பிடிவாதமாக நின்றேன். ஒன்றிய அரசின் மானியம் 78,000 ரூபாய் கணக்கில் வந்து சேர்ந்தது. வெயில் நன்றாக அடிக்கும் நாளில் 12 யூனிட் வரை கிடைக்கிறது. நட்ட நடு மத்தியானத்தில் கரண்ட் போனால் நம் பேனலும் சேர்ந்து நின்றுவிடுவதைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா, "வெயில் இருந்தும் ஏன் ஓடவில்லை?" என்று கேட்டார். கரண்ட் இல்லை என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார், நம் மாடியிலிருந்து மின்சாரம் கம்பிக்குப் போனால் அவர் உயிருக்கு ஆபத்து, அதனால் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுகொள்கிறது என்று விளக்கினேன். அடுத்த மாதமே அவரும் விண்ணப்பித்துவிட்டார்.

மின்சாரம் இல்லாத கஷ்டமும் நமக்குத் தெரியாததல்ல. தம்பி பிளஸ் டூ படித்த 2012ஆம் ஆண்டை நினைத்துப் பார். ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. பல்லடம், சோமனூர் பக்கம் தறிகள் நின்றன. திருப்பூரில் டீசல் ஜெனரேட்டர் வைத்துச் சமாளித்தவர்கள் கடனாளி ஆனார்கள். 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததால்தான் கோயம்புத்தூரில் மில்லும் மோட்டாரும் பம்பும் பெருகின. இந்த நாட்டில் மின்சாரம் என்பது சோற்றுப் பிரச்சினை. 1970இல் மின் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் இறந்துபோனார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் உன் அப்புச்சி, என் அப்பா, பஸ்ஸுக்குள்ளேயே எழுந்து நின்று கும்பிடுவார்.

அதனால் மின்சாரம் வேண்டும், அது வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் வர வேண்டும் என்பதில் உனக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அணு உலை விஷயத்தில்தான் நாம் ஒத்துப்போவதில்லை. உங்கள் ஸ்டுட்கார்ட் பக்கத்து நெக்கார்வெஸ்ட்ஹைம் உலையை 2023 ஏப்ரல் 15 அன்று மூடியபோது நீ மகிழ்ந்தாய். ஓடிக்கொண்டிருக்கும் உலையை நிறுத்துவதற்கு முன்னால் நிலக்கரியை நிறுத்தியிருக்க வேண்டும் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அது இருக்கட்டும்.

கொறங்காட்டுக்கு வருகிறேன். நீ கடைசியாக அதற்குள் நடந்தது கல்யாணத்துக்கு முன்பு. கோடையில் காரில் போகும்போது ரோட்டிலிருந்து பார்த்தால் காய்ந்த புல்லும் நாலு முள் மரமும்தான் தெரியும். மழை மறைவுப் பகுதியில், கிணற்றில் தண்ணீர் நிற்காத சரளை மண்ணில், நம் முன்னோர் எத்தனையோ தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து உருவாக்கிய மேய்ச்சல் நிலம் அது. கீழே கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. கோடையில் புல் காய்ந்து போகும் நேரத்தில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகிறது. ஒரு மழை பெய்தால் போதும், செத்துப் போனது போல் கிடந்த புல் தூர் பச்சை கட்டிவிடும். உழவு இல்லை, உரம் இல்லை, பாசனம் இல்லை. காங்கயம் மாடு இன்றைக்கும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் கொறங்காடுதான். கிணற்றிலிருந்து கவலையில் தண்ணீர் இறைத்த காளைகளின் வேலையை மின் மோட்டார் எடுத்துக்கொண்ட பிறகும், டிராக்டர் வந்து ஏரையும் வண்டியையும் எடுத்துக்கொண்ட பிறகும், செலவில்லாமல் மேய இடம் இருந்ததால்தான் மாடு வைத்திருந்தவர்கள் விடாமல் வைத்திருந்தார்கள்.

போன வாரம் நம் காட்டில் மேயும் மயிலைப் பசு கன்று போட்டது. படலைத் திறந்து உள்ளே போனபோது கன்று ஈரம் காயாமல் செம்மண் நிறத்தில் வேலியோரம் நின்றது. காங்கயம் கன்று சிவப்பாகத்தான் பிறக்கும், ஆறு மாதத்தில் நிறம் மாறி வெளுத்துவிடும் என்று பேத்திக்குச் சொல், படமும் அனுப்புகிறேன். தாய்ப்பசு என்னை மோப்பம் பிடித்துவிட்டுத்தான் பக்கத்தில் விட்டது.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பார். 29 ஆண்டுக் குத்தகை. நிலத்தைச் சமன் செய்துகொள்ள உரிமை, மரங்களை அகற்ற உரிமை, கம்பி வேலி போட உரிமை. நான்காவது பக்கத்தில் இருக்கிறது. உங்கள் ஜெர்மனியில் பேனலுக்கு அடியில் ஆடு மேய்கிறது என்று நீ சொன்னதை வந்தவர்களிடம் கேட்டேன். பேனலை உயரமாக வைத்து, மரத்தை வெட்டாமல், ஆட்டை உள்ளே விடுவதாக எழுதித் தருவீர்களா என்றேன். நிழல் விழும், அதனால் மரம் இருக்கக் கூடாது என்றார்கள். ஆட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. குத்தகை முடிந்த பிறகு வேலி வெட்டிய நிலத்தைப் பழையபடி ஆக்கித் தருவது யார் பொறுப்பு என்பதற்கும் அதில் ஒரு வரி கிடையாது. கிளுவை வேலி ஒரே நாளில் போய்விடும், அதை மறுபடியும் அடர்த்தியாக வளர்க்க ஒரு தலைமுறை வேண்டும்.

பணம் நல்ல பணம்தான், மறைக்கவில்லை. மேய்ச்சல் குத்தகையைவிடப் பல மடங்கு அதிகம். தம்பிக்குத் திருப்பூர் வீட்டுக் கடன் இருக்கிறது, அவன் ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அந்தக் கடனுக்கு என் ஓய்வூதியப் பணத்திலிருந்து உதவுகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

பேனலை எங்கே வைப்பது என்று கேட்பாய். ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும் என்பது உண்மைதான். அவிநாசியிலிருந்து திருப்பூர் வரை பனியன் கம்பெனிகளின் கூரையைப் பார். பல்லடத்தில் கோழிப் பண்ணைகள், காங்கயத்தில் எண்ணெய் மில்களும் அரிசி ஆலைகளும். எல்லாம் வெயிலில் காய்கிற கூரைகள், மின்சாரம் செலவாகும் இடமும் அவைதான். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் வெள்ளகோவில் வரைக்கும் வருகிறது. குஜராத்தில் 2012இலேயே நர்மதைக் கிளைக் கால்வாயின் மேல் பேனல் போட்டார்கள். செலவு கூடும்தான், ஆனால் நிலமும் மிச்சம், தண்ணீர் ஆவியாவதும் குறையும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு நடப்பட்ட பழைய சிறிய காற்றாலைகள் உடுமலை, பல்லடம் பக்கம் இன்னும் நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் புதிய பெரிய இயந்திரம் வைத்தால் அதே இடத்தில் பல மடங்கு மின்சாரம் வரும். மத்தியானம் மிஞ்சுகிற மின்சாரத்தைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று நீ சொன்னது சரி. அதற்கும் வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. வால்பாறை மலையில் காடம்பாறையில், மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் கீழே விட்டு 400 மெகாவாட் எடுக்கும் நிலையம் 1980களின் கடைசியிலிருந்தே ஓடுகிறது. அது போன்றவற்றில் அரசு இன்னும் பணம் போடட்டும். இதையெல்லாம் செய்யாமல் முதலில் கொறங்காட்டைக் கேட்பதற்கு ஒரே காரணம், அங்கே ஒரே ஆளிடம் ஒரே கையெழுத்தில் முடிந்துவிடும் என்பதுதான்.

கேமரா பற்றி. பெரிய சென்சார் வைத்த புதிய கேமராவும் 200-600 லென்ஸும் வாங்கி அனுப்புகிறேன் என்கிறாய். உன் அன்பு புரிகிறது, வேண்டாம். அந்த லென்ஸ் மட்டும் 2 கிலோவுக்கு மேல். என் நிக்கான் டி7200 சென்சார் சிறியது, அதனால் 300 எம்எம் லென்ஸே 450 எம்எம் அளவுக்குத் தூரத்தை நெருக்கிக் காட்டுகிறது, கழுத்தில் மாட்டிக்கொண்டு காடு முழுக்கச் சுற்றலாம். விடியற்காலை மங்கல் வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாக வருவது உண்மை. அதற்கு நான் வெயில் ஏறும்வரை வேலியோரம் உட்கார்ந்துகொள்கிறேன். இந்த மாதங்களில் பூனைப்பருந்து வந்திருக்கிறது. மத்திய ஆசியப் புல்வெளியிலிருந்து குளிருக்குத் தப்பி வரும் பறவை. புல்லுக்கு ஒரு முழம் மேலே, இறக்கையை அசைக்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து போகும். முகம் ஆந்தை போல வட்டமாக இருக்கும், கண்ணால் மட்டுமல்லாமல் காதாலும் இரை தேடும். கௌதாரியும் பனங்காடையும் வருடம் முழுக்க இருக்கின்றன. எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்தப் படங்கள் எல்லாம் பழைய கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. 2025 அக்டோபர் 14 முதல் விண்டோஸ் 10க்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, புதிய விண்டோஸை அந்தப் பெட்டி ஏற்காது, தூக்கிப்போடு என்றாய். தூக்கிப்போடவில்லை. உள்ளே ஒரு எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டேன். கேமராவின் ரா கோப்புகளை டார்க்டேபிள் என்ற மென்பொருளில் திருத்துகிறேன். இந்தக் கடிதத்தையும் அதில்தான், தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கிறேன். நன்றாக வேலை செய்கிற பெட்டியைக் குப்பைக்கு அனுப்ப என் மனம் ஒப்பவில்லை. எனக்கு உண்மையிலேயே தேவையானது, படங்களின் ஒரு பிரதி வேறு ஊரில் இருப்பது. ஒன்று பெட்டியில் இருக்கிறது, ஒன்று அலமாரியில் உள்ள ஹார்ட் டிஸ்க்கில். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் இடி விழுந்தாலோ திருடு போனாலோ இரண்டும் போய்விடும். மூன்றாவதை நீ உன் வீட்டில் வைத்துக்கொள்.

கடைசியாக ஒன்று. 1989இல் தமிழ்நாட்டில் பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. எத்தனையோ வீடுகளில் பெண்களிடம் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். உன் அப்புச்சி அதைச் செய்யவில்லை. தோட்டம் மாமனுக்கு, கொறங்காடு எனக்கு என்று அளந்து கல் நட்டுக் கொடுத்தார். எனக்குப் பிறகு உனக்கும் தம்பிக்கும் சரிபாதி. அப்போது நீங்கள் இருவரும் சேர்ந்து என்ன முடிவு எடுத்தாலும் எடுங்கள், நான் கட்டிப்போடவில்லை. ஆனால் முடிவு எடுக்க அந்த நிலம் நிலமாக இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு நான்காவது பக்கத்தைப் பற்றி நீ நினைப்பதைத் தம்பிக்கு எழுது, எனக்கும் எழுது. என் பக்கம் பேச வேண்டும் என்பதில்லை, படித்துவிட்டுப் பேசு. லீவு கிடைத்தால் சித்திரையில் வா, கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகலாம். வரும்போது 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வா, கேமராவுக்கு ஆர்டர் போட்டிருந்தால் உடனே ரத்து செய்.

அன்புடன்,
அம்மா