சோதனை தேறினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மொரீஷியஸின் எபேனில் நிரல் எழுதும் நம் இளைஞர்கள் நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் தளம்) போன்ற திறமூலத் தளங்களில், தகவலை ரகசியமாக்கும் மறைகுறியாக்கப் பகுதியில் கைவைத்தால், சோதனைகள் தேறிவிட்டன என்பதோடு நின்றுவிடக் கூடாது. 2006இல் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் எனும் மறைகுறியாக்க நிரலகத்தில் ஓர் எச்சரிக்கையை அடக்கப்போய்ச் சில வரிகளை நீக்கினார்கள். நிரல் ஒழுங்காகவே ஓடியது. ஆனால் சாவிகளை உருவாக்கும் சீரற்ற எண்ணுக்கு விதையாக (தொடக்க மதிப்பாக) எஞ்சியது, ஓடும் நிரலுக்குக் கணினி தரும் செயல்முறை எண் மட்டுமே; அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள், எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடலாம்! 2008 மே மாதம்தான் குட்டு வெளிப்பட்டது.

திருத்தத்தைப் பார்ப்பவர் முதலில் தேட வேண்டியது கடவுச்சொல், சாவி போன்ற ரகசியங்களை ஒப்பிடும் இடத்தை. சாதாரண ஒப்பீடு முதல் பிசகிலேயே நின்றுவிடலாம்; அந்த நேர வித்தியாசமே எதிரிக்குத் துப்பு. அந்த வித்தியாசம் தெரியாமல் ஒப்பிடத்தான் நோட்.ஜேஎஸ்ஸில் ‘டைமிங்சேஃப்ஈக்குவல்’ என்ற செயற்கூறு இருக்கிறது. ஒப்பிடும் இரண்டின் நீளமும் வேறானால் அது பிழை எறியும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீளத்தை முன்பே சரிபாருங்கள்.

அடுத்து ஏஇஎஸ்-ஜிசிஎம்; செய்தியை மறைப்பதோடு, அது மாற்றப்படவில்லை என்று காட்ட ஒரு முத்திரையும் இடும் மறைகுறியாக்க முறை. ஒரே சாவியோடு 12 பைட் நான்ஸ் (ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய எண்) இருமுறை வந்தால் செய்தியும் கசியும், போலி முத்திரையும் போடலாம். மறைநீக்கும்போது முத்திரையின் நீளம் 16 பைட் என்று வெளிப்படையாக எழுதுங்கள்; இல்லாவிட்டால் நோட்.ஜேஎஸ்ஸின் பல பதிப்புகளில் 4 பைட் குட்டை முத்திரைகூட நுழைந்துவிடும்.

பயனர்கள் பதிவிறக்கும் வெளியீட்டுப் பொதியையும், மூல நிரல் இருக்கும் களஞ்சியத்தோடு ஒப்பிடுங்கள். 2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0 பதிப்பில் பின்கதவை (திருட்டு நுழைவழியை) திறந்த வரி பொதியில் இருந்தது, கிட் களஞ்சியத்தில் இல்லை.

இப்படிக்கு,
மென்பொருள் பாதுகாப்புத் துறையினர் சிலர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்