வான்கோழிப் பருவமும் நம் சங்கமும்: செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், சிரமம் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மிசௌரியின் ஓசார்க் மலைப்பகுதியில், குழல்வாய் வழியே வெடிமருந்து கெட்டிக்கும் பழைய முறைத் துப்பாக்கியால் மட்டும் காட்டு வான்கோழி வேட்டையாடும் நம் சங்கத்தின் ஓராண்டு நடவடிக்கைகளை இங்கே வைக்கிறேன்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. கோடை விருந்து நடந்தது. இண்டியானாவில் ஃபிரெண்ட்ஷிப் ஊரில் நடக்கும் தேசியப் போட்டிக்குச் சிலர் போய் வந்தார்கள். பெட்டை வான்கோழியின் இறக்கை எலும்பில், கோழியை அழைக்கும் ஊதல் செய்யும் பயிற்சியை மூத்த உறுப்பினர் ஒருவர் நடத்திக் கொடுத்தார்.

இனி சிதறல் சோதனை நாளைப் பற்றி. இது நான் முன்மொழிந்து சென்ற பொதுக்குழு ஏற்றுக்கொண்ட திட்டம். ஏப்ரல் பருவத்துக்கு முன் ஒவ்வொரு உறுப்பினரும் நம் சுடுதளத்துக்கு வந்து, வான்கோழியின் தலையும் கழுத்தும் வரைந்த தாளில் 25 கஜத்திலிருந்து சுட்டுக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் இதைப் பற்றி என் முன்னால் பேசாமல் வெளியே நிறையப் பேசியிருக்கிறார்கள். முப்பது வருடம் வேட்டையாடியவனுக்கு எதற்குப் பரீட்சை என்று கேட்டதாகக் காதில் விழுந்தது. பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நம் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்குக் குழல்வாய்க் குறுக்கம், அதாவது ரவை என்னும் சிறு குண்டுகள் அதிகம் சிதறாமல் காக்கும் ஒடுக்கம், கிடையாது. இன்றைய துப்பாக்கியில் முழுக் குறுக்கம் இருந்தால் 40 கஜத்தில் சுமார் 70 சதவீத ரவை 30 அங்குல வட்டத்துக்குள் விழும். குறுக்கமில்லாத நேர்க்குழலில் அது 40 சதவீதம்தான். மீதி ரவை கோழியின் உடம்பிலும் இறக்கையிலும் பட்டால், பறவை பறந்துபோய் எங்கோ புதரில் கிடந்து சாகும். மருந்தைக் கூட்டினால் எட்டும் என்று நினைப்பவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். கூட்டினால் சிதறல்தான் அதிகமாகும்.

சோதனை நாளில் ஓர் உறுப்பினரின் தாளைப் பார்த்தோம். சுற்றிலும் ரவை, நடுவில் வடை போல ஓட்டை. மருந்துக்கும் ரவைக்கும் நடுவே அவர் வைத்த தடித்த நார்க்கட்டை, வெளியே வந்ததும் ரவைக்குள் புகுந்து அதைக் கலைத்துவிட்டிருந்தது. கட்டையை எடுத்துவிட்டு மெல்லிய அட்டை வில்லைகள் சிலவற்றை வைத்து, மருந்தையும் கொஞ்சம் குறைத்தோம். அடுத்த தாளில் கழுத்து நிறைய ரவை. இதைக் காட்டில் போய்க் கற்றுக்கொள்ள முடியாது. காட்டில் சுட்டதும் கண்முன் புகைதானே நிற்கிறது!

அன்று இன்னொன்றும் செய்தோம். மருந்து கெட்டிக்கும் கோலில் ஒவ்வொருவரும் இரண்டு கோடு போட்டுக்கொண்டார்கள். ஒன்று குழல் காலியாக இருக்கும்போது, மற்றொன்று மருந்தும் ரவையும் சரியாக இறங்கியபின். பேச்சு சுவாரசியத்தில் இரண்டு முறை மருந்து போட்டுவிடும் ஆபத்துக்கு இதைவிடச் சுலபமான காப்பு கிடையாது. மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான கேப் வெடித்தும் மருந்து பற்றாமல் போனால், குழலை ஆளில்லாத திசையிலேயே பிடித்துக்கொண்டு ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும் என்பதையும் புதியவர்களுக்குச் செய்து காட்டினோம்.

வந்தவர்கள் பட்டியலில் பாதிப் பேருக்கும் குறைவு. வராதவர்களில் சிலரைப் பருவம் தொடங்கிய திங்கட்கிழமை விடியற்காலையில் காட்டோரம் வண்டி நிறுத்துமிடத்தில் பார்த்தேன். நேரம் இல்லாமல் வரவில்லை என்று இனி நான் நம்புவதற்கில்லை.

1950களின் தொடக்கத்தில் இந்த மாநிலத்தில் வான்கோழி அநேகமாக அற்றுப்போகும் நிலையில் இருந்தது. பெக் ராஞ்ச் வனவிலங்குப் பகுதி போன்ற இடங்களில் மிச்சமிருந்தவற்றை வலை வீசிப் பிடித்து, மாவட்டம் மாவட்டமாகக் கொண்டுபோய் விட்டுத்தான் இனத்தை மீட்டார்கள். 1960இல் மறுபடி வேட்டை திறந்தபோது 14 மாவட்டங்கள், மூன்றே நாள். கிடைத்தவை 94 கோழிகள். அப்படி மீண்டு வந்த பறவை இது. சென்ற பத்தாண்டில் பல வருடங்கள் குஞ்சுகள் போதிய அளவு பிழைக்கவும் இல்லை. இந்த நிலையில் காயப்படுத்திவிட்டு ஒரு கோழியை இழப்பதை நம் சங்கம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வேட்டையைப் பொறுத்தவரை பருவம் சுமார்தான். முதல் வாரம் மழை. சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தீப்பொறி விழும் கிண்ணியில் இடும் மருந்து நனைந்து தவித்தார்கள். இளையோர் வார இறுதியில் சங்கத் துப்பாக்கியை இரவல் வாங்கிப் போன சிறுமி ஒருத்தி, விடியலில் மரத்திலிருந்து இறங்கிய சேவலைத் தன் தந்தை ஊதலால் அழைக்க, இருபது கஜத்துக்குள் வரும்வரை பொறுத்திருந்து எடுத்தாள். சோதனை நாளுக்கு முதலில் வந்து நின்றவளும் அவள்தான்.

கணக்கு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. சுடுதள வாடகையும் மருந்துக் கொள்முதலும்தான் பெரிய செலவு. லூசியானாவில் இருந்த கருமருந்துத் தொழிற்சாலை 2021இல் நின்றபோது பட்ட பாடு நினைவிருக்கும். கருமருந்தை அனுப்ப ஒவ்வொரு முறையும் அபாயப் பொருள் கட்டணம் உண்டு என்பதால்தான் அன்றிலிருந்து மொத்தமாக வாங்கிப் பங்கிடுகிறோம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களும் தங்கள் பங்கை வாங்க மட்டும் தவறாமல் வந்துவிடுகிறார்கள். பெயர் சொல்லப் போவதில்லை.

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், சமையலைக் கவனித்துக்கொண்ட குடும்பத்தினர், இடம் தந்த நிலத்துக்காரர் அனைவருக்கும் நன்றி.

அப்புறம் வரும் ஆண்டு. சுடுதள ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. இப்போதைய சந்தா வரவில் அது முடியாது. சோதனை நாளை நடத்த எனக்கு விருப்பம்தான். ஆனால் தாள் வரைவது, மேசை போடுவது, மருந்து அளப்பது எல்லாம் ஒரே ஆள் செய்து இன்னொரு வருடம் ஓடாது. இரண்டு பேர் இன்று பெயர் கொடுத்தால் நான் பொறுப்பில் தொடர்கிறேன். இல்லையென்றால் வேறு ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். மருந்துக்கான ஆர்டர் பிப்ரவரி இறுதியில் போகும். சந்தா கட்டியவர்களின் பெயர் மட்டுமே அதில் இருக்கும். ரசீதுப் புத்தகம் இதோ மேசைமேல் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்