ஃபேஸை மட்டும் மாற்றினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2018 நவம்பரில் கஜா புயல் வீசிய பின், மின்சாரத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்த எங்கள் பகுதியில், மழைக்காலத்துக்கு முன்பே வீட்டுக்கு ஒரு சிறிய ஜெனரேட்டர் வாங்கி வைப்பது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. ஆனால் வீட்டை ஈபி (மின் வாரிய) லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சைப் பொருத்தும்போது, மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியை மட்டும் மாற்றும்படி அமைத்துவிட்டு, அது திரும்பும் கம்பிகளான ஈபி நியூட்ரலையும் ஜெனரேட்டர் நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். ‘நியூட்ரலில்தான் கரண்ட் இல்லையே’ என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். டெஸ்டர் எரியவில்லை என்பதற்காகச் சொல்லப்படும் பேச்சு இது. ஒற்றை ஃபேஸ் இணைப்பில் ஃபேஸ் வழியே போகும் மின்னோட்டம் அத்தனையும் நியூட்ரல் வழியாகத்தான் திரும்புகிறது.

சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்பட்டிருப்பதில்லை. நியூட்ரலைப் பொதுவாகக் கட்டிய வீட்டில் அதற்குக் கிடைக்கும் எர்த், தெரு டிரான்ஸ்பார்மரில் இருப்பதுதான். புயலில் தெரு நியூட்ரல் அறுந்து கிடக்கும் நேரத்தில், ஈரச் சுவரிலோ மோட்டாரின் உடலிலோ ஃபேஸ் கசிந்து தரையைத் தொட்டால், நியூட்ரலில் 230 வோல்ட் வரை ஏறிவிடக்கூடும். லைன் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று நம்பி அறுந்த முனையைப் பிடிக்கும் லைன்மேனுக்கு அது தெரிய வழியில்லை.

ஆகவே நியூட்ரலையும் சேர்த்து மாற்றும்படி, ஒற்றை ஃபேஸ் வீட்டுக்கு டூ போல் (இரண்டு கம்பிகளை மாற்றும்), மூன்று ஃபேஸ் வீட்டுக்கு ஃபோர் போல் (நான்கு கம்பிகளை மாற்றும்) சேஞ்ச்ஓவர் சுவிட்சே வேண்டும். நியூட்ரலில் தனியாக ஒரு சுவிட்சோ ஃப்யூஸோ வைக்கக் கூடாது, ஃபேஸோடு ஒரே கைப்பிடியில் சேர்ந்து இயங்க வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டு மின்சார விதிகளிலேயே இருந்த நிபந்தனை. இப்படிப் பிரித்த பிறகு, ஜெனரேட்டரின் நியூட்ரலைத் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் முறையில் சுவிட்சுக்கு முன்பாக, ஜெனரேட்டர் பக்கத்திலேயே ஓரிடத்தில் எர்த்தோடு இணைக்க வேண்டும். அது இல்லாவிட்டால், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்க வேண்டிய ஆர்சிசிபி என்னும் பாதுகாப்பு சுவிட்ச், ஜெனரேட்டர் ஓடும்போது பெயருக்குத்தான் போர்டில் இருக்கும்.

ஆர்சிசிபி பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் ஆகியவற்றை மட்டும் ஜெனரேட்டரில் ஓட்ட நினைப்பவர்கள், அவற்றின் ஃபேஸ் கம்பிகளைப் பிரித்துவிட்டு, நியூட்ரல்களை ஏசி, ஹீட்டர் நியூட்ரல்களோடு பழைய லிங்க்கிலேயே (நியூட்ரல் கம்பிகள் சேரும் பட்டையிலேயே) விட்டுவிடுகிறார்கள். போகும் மின்னோட்டம் ஒரு வழியும் திரும்பும் மின்னோட்டம் வேறு வழியுமாகப் பிரிவதால், இரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது. உடனே அதைப் பழுது என்று கழற்றி எறிந்துவிட்டு, நேரடியாக இணைத்துக் கொடுத்துப் போகிறவர்களும் உண்டு! செய்ய வேண்டியது, ஜெனரேட்டரில் ஓடும் சர்க்யூட்டுகளின் நியூட்ரல்களுக்குத் தனி லிங்க் அமைப்பதே. அதற்குப் போர்டைத் திறந்து ஒவ்வொரு கம்பியாக அடையாளம் காண அரை நாள் ஆகும் என்பதால் பலரும் தவிர்க்கிறார்கள்.

மூன்று ஃபேஸ் வீட்டில் ஒற்றை ஃபேஸ் ஜெனரேட்டரைக் கொண்டு மூன்று ஃபேஸையும் சேர்த்து ஊட்டினால், வழக்கமாக நியூட்ரலில் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும் மின்னோட்டங்கள் அப்போது கூடிவிடும். ஜெனரேட்டர் பெரிதாக இருந்தால், மெல்லிய நியூட்ரல் கம்பி சூடேறி உருகவும் கூடும்.

மின் வாரியம் ஆண்டுதோறும் வெளியிடும் மழைக்காலப் பாதுகாப்பு அறிவுரைகளில் நியூட்ரலைப் பற்றியும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றும், இந்த வேலையை மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று பெற்ற கம்பியாளரைக் கொண்டே செய்யும்படி அதில் வலியுறுத்த வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் கம்பியாளர்,
பட்டுக்கோட்டை.